அறுபத்துமூன்றாம் கார்டு

ஆகுர்டி, புனே
4 ஆகஸ்ட் 2025

கலீல் காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உங்கள் மச்சான் யூசுஃபும் பிள்ளைகளும் அல்லாஹ்வின் அருளால் சுகம். அங்கே நீங்களும் மதினியும் சுகமா? ருக்ஷானா உண்டாகியிருப்பதாக ஹடப்ஸர் பள்ளிவாசலில் யாரோ யூசுஃபிடம் சொன்னார்களாம். கூடப்பிறந்த அண்ணன் மகள் உண்டான சேதி எனக்குப் பள்ளிவாசலில் செருப்பு கழற்றும் இடத்திலிருந்துதான் வந்து சேருகிறது. பரவாயில்லை.

இது குடும்பக் கடிதம் இல்லை. உங்கள் போன் என் நம்பரை எடுக்காது. மெஸ் நம்பரில் கூப்பிட்டால் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறார்கள். அதனால் தபாலில் எழுதுகிறேன். காகிதம் என்றால் ஒரு பதிவாகவும் நிற்கும்.

ஜூலை பதின்மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, எங்கள் லேபிலிருந்து மாதவும் இன்னும் மூன்று பேரும் உங்கள் லேபர் கேம்ப்புக்கு வந்து 128 பேருக்கு விரல் நுனியில் ரத்தம் எடுத்தார்கள். ஆளுக்கு மூன்று சொட்டு, கேட் பாஸ் எண் போட்ட ஒரு கார்டில். அன்று காய்ச்சல் என்று சொன்னவர் ஒருவரும் இல்லை. ஆனாலும் ஒன்பது பேர் ரத்தத்தில் மலேரியாக் கிருமி இருக்கிறது. எட்டுப் பேருக்கு மாதவ் வந்து மாத்திரை கொடுத்துவிட்டார். ஒன்பதாவது ஆள்தான் கிடைக்கவில்லை.

கேட் பாஸ் எண் 63. பெயர் புத்னி உசேண்டி. கார்டில் மாதவ் கேட்டு எழுதியது: வயது 23. கர்ப்பம்: ஆம், ஆறு மாதம்.

கூலியாட்களை மேய்க்கிற உங்கள் முகாதம் ‘தெரியாது’ என்கிறான். நூற்றிருபத்தெட்டு பேருக்குச் சோறு போடுகிறவர் நீங்கள். உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. அந்தப் பெண் எங்கே இருக்கிறாள் என்று எழுதுங்கள். ஒரு வாரத்துக்குள் அவளுக்கு மருந்து போய்ச் சேர வேண்டும்.

வஸ்ஸலாம்.
குல்சும்


ஹடப்ஸர்
9 ஆகஸ்ட் 2025

குல்சுமுக்கு,

ஸலாம் சொன்னவர்களுக்குப் பதில் சொல்வது கடமை. வ அலைக்குமுஸ்ஸலாம். கடமை முடிந்தது. எங்கள் சுகத்துக்கு ஒரு குறையும் இல்லை. நீ எட்டிப் பார்க்காத இந்த இரண்டு வருஷத்தில் கூடியிருக்கிறது என்றுகூடச் சொல்லலாம்.

போன தடவை லக்ஷ்மண் மடாவி என் கேம்ப்பில் செத்தபோது, நெஞ்சடைத்துச் செத்தான் என்று டாக்டரே எழுதிக் கொடுத்தார். நீ உன் மைக்ராஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு வந்து மலேரியா என்று அறிக்கை எழுதினாய். வாகோலி சைட் என் கையை விட்டுப் போனது. எதிரிகூட நம்மை முடிக்க வேண்டுமென்றால் கொஞ்சம் யோசிப்பான். நீ யோசிக்கவே இல்லை.

இப்போது காய்ச்சலே இல்லாதவனுக்கு மலேரியா என்கிறாய். பசியே எடுக்காதவனுக்குப் பட்டினி நோய் என்பாயா? உன் ஒன்பது பேரும் தினமும் பத்துச் சப்பாத்தி தின்றுவிட்டு ஆறாவது மாடிக்கு செங்கல் தூக்குகிறார்கள். தெருவில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டது என் தப்பு. உங்கள் குழுவை உள்ளே விட்டதைத்தான் சொல்கிறேன்.

அதுவும் நான் விரும்பி விடவில்லை. பில்டர் கட்டளை. பாஸ் வாங்கிய ஒரு ஆள் விடுபட்டாலும் மொத்த கேங்கையும் கேட்டுக்கு வெளியே நிறுத்துவேன் என்றான். நூற்றிருபத்தெட்டு பாஸ், நூற்றிருபத்தெட்டு விரல். ஒன்று குறைந்ததா? என் நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: குல்சும் கேட்டுக்குள் வரக்கூடாது. அதற்கு நீயும் ‘நான் எதற்கு வருகிறேன்’ என்று சொல்லி அனுப்பினாய். அந்த ரோஷம் இந்தக் கடிதம் எழுதும்போது எங்கே போனது?

63 நாற்று நடவுக்கு ஊருக்குப் போய்விட்டாள். கட்சிரோலிக் காட்டில் எந்த ஊர் என்று நான் கண்டேனா? ருக்ஷானாவை விசாரித்திருக்கிறாய். அவளுக்கு அவள் உம்மா இருக்கிறாள், வாப்பா இருக்கிறேன். நம் ஊர் வழக்கப்படி மகளுக்கென்று கேட்டுக்குள் இருக்கும் மெஸ்ஸுக்கு மேலேயே ஒரு மாடி எடுத்துக் கொடுத்திருக்கிறேன். மாப்பிள்ளை துபாயில் இருந்தாலும் அவள் தாய் வீட்டில் ராணி மாதிரி இருக்கிறாள். நீ கவலைப்பட வேண்டாம்.

கலீல்


ஆகுர்டி
14 ஆகஸ்ட் 2025

காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே அனைவரும் சுகம். உங்கள் சுகத்தைக் கேட்கவில்லை. கூடிக்கொண்டே போகிறது என்று எழுதிவிட்டீர்களே.

லக்ஷ்மண் மடாவி மூன்று நாள் காய்ச்சலில் உங்கள் தகரக் கொட்டகையில் கிடந்தான். நான் பார்த்தது அவன் ரத்தத்தை. டாக்டர் பார்த்தது உங்கள் முகத்தை. இதைப் பற்றி இனி எழுதப் போவதில்லை.

காய்ச்சல் இல்லாவிட்டால் நோய் இல்லை என்று நீங்கள் மட்டும் சொல்லவில்லை. படித்தவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். சிலருக்கு இரண்டு நாள் லேசாகச் சுடும், பிறகு அடங்கிவிடும். சிலருக்கு அதுவும் இராது. கிருமி போய்விட்டது என்று அர்த்தமில்லை, குறைந்த எண்ணிக்கையில் உள்ளே குடியிருக்கிறது. அப்படிப்பட்டவனைக் கடித்த கொசு பக்கத்தில் படுத்திருப்பவனைக் கடிக்கும். உங்கள் கேம்ப்பில் தண்ணீர்த் தொட்டிகளுக்கு மூடி இல்லை என்று மாதவ் சொன்னார். கொசுவுக்கு கேட் பாஸும் தேவையில்லை. கேம்ப்புக்கும் மெஸ்ஸுக்கும் மெஸ்ஸுக்கு மேலே உள்ள மாடிக்கும் அது பேதம் பார்ப்பதில்லை. ஜன்னலுக்கு வலை அடியுங்கள்.

63-ஐப் பற்றி மட்டும் இவ்வளவு கேட்பதற்குக் காரணம் சொல்கிறேன். கர்ப்பிணியின் உடம்பில் இந்தக் கிருமி பனிக்குடத்துக்குப் பக்கத்தில், நஞ்சுக்கொடியில் போய் ஒண்டிக்கொள்ளும். தாய்க்கு ஒன்றும் தெரியாது. களைப்பு இருக்கும், முகம் வெளுக்கும். கர்ப்பம் என்றால் அப்படித்தான் என்று எல்லாரும் சொல்வார்கள். உள்ளே பிள்ளைக்குப் போகவேண்டிய சோறு குறைந்துகொண்டே வரும். எடை ஏறாது. சில பிள்ளைகள் உலகத்துக்கு வராமலே போய்விடும். இத்தனைக்கும் மூன்று நாள் மாத்திரையில் தீர்கிற காரியம். கர்ப்பிணிக்கென்று ஒத்துக்கொள்கிற மாத்திரை இருக்கிறது.

அவள் எனக்கு யார்? ஒரு கார்டு. முகம்கூடத் தெரியாது. அவளுக்காக உங்களிடம் இரண்டாம் முறை கேட்கிறேன். எனக்காக என்றால் ஒரு முறைகூடக் கேட்டிருக்க மாட்டேன்.

ஊர் பெயரை எழுதுங்கள்.

வஸ்ஸலாம்.
குல்சும்


ஹடப்ஸர்
21 ஆகஸ்ட் 2025

குல்சுமுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். சுகம்.

உன் உபதேசக் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பயமுறுத்துவதில் உன்னை மிஞ்ச ஆள் கிடையாது. சின்ன வயதில் கிணற்றில் ஜின் இருக்கிறது என்று மற்றப் பிள்ளைகளை அழவைத்தவள்தானே நீ.

உன் லேபின் லட்சணத்தை நானே சோதித்துப் பார்த்துவிட்டேன். இங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரி, ஏசி போட்ட லேப். செவ்வாய்க்கிழமை 63-ஐ அங்கேயே கொண்டுபோய் ரத்தம் கொடுக்க வைத்தேன். மலேரியா சோதனைப் பட்டையில் ஒரே ஒரு கோடு. கண்ணாடிச் சில்லில் வைத்தும் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. டாக்டரம்மா சிரித்துக்கொண்டே, “குச் நஹி ஹை, ஆராம் கரோ”, ஒன்றுமில்லை, ஓய்வெடு என்று அனுப்பிவிட்டாள்.

ஆக, காய்ச்சலும் இல்லை, கோடும் இல்லை. கிருமி எங்கே இருக்கிறது? உன் மனதில் இருக்கிறது. என் பெயரைக் கெடுக்க வேண்டும் என்று இரண்டு வருஷமாக உனக்குள் குடியிருக்கிறதே, அதற்கு ஏதாவது மாத்திரை இருந்தால் மூன்று நாள் சாப்பிடு.

இனி இது பற்றி எழுதாதே.

கலீல்


ஆகுர்டி
25 ஆகஸ்ட் 2025

காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகம்.

ஒன்பதாம் தேதி எழுதிய கடிதத்தில் 63 நடவுக்கு ஊருக்குப் போய்விட்டாள், ஊர் பெயர் தெரியாது என்றீர்கள். பத்தொன்பதாம் தேதி அவளை ஏசி லேபுக்கு அழைத்துப் போயிருக்கிறீர்கள். கட்சிரோலியிலிருந்து பறந்து வந்தாளா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று பார்க்கிறீர்கள். மெஸ் நடத்துகிறவருக்குச் சோற்றின் அளவாவது தெரியவேண்டாமா?

அந்தப் பட்டையில் இரண்டாவது கோடு விழ வேண்டுமென்றால் ரத்தத்தில் கிருமி எக்கச்சக்கமாக இருக்க வேண்டும். வீட்டில் பத்து எலி இருந்தால் சத்தம் கேட்கும். ஒரு எலி இருந்தால் கேட்காது, அரிசி மட்டும் குறையும். அந்த ஒரு எலியைப் பிடிக்கத்தான் கார்டை லேபுக்குக் கொண்டுவந்து இரண்டு வாரம் எடுத்துக்கொள்கிறோம். இல்லாவிட்டால் நாங்களும் பட்டையைக் கையில் கொடுத்துவிட்டுப் போயிருப்போம். சந்தேகத்துக்கு அந்தக் கார்டை மெஷினில் மூன்று முறை ஓட்டிவிட்டேன். மூன்று முறையும் இருக்கிறது.

அவள் இங்கேதான் இருக்கிறாள் என்று இப்போது எனக்குத் தெரியும். ஏன் மறைக்கிறீர்கள் என்பது தெரியவில்லை, அது எனக்குத் தேவையும் இல்லை. பில்டரிடம் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். பாஸ் பற்றிக் கேட்க மாட்டேன். மாதவை ராத்திரியோ பகலோ நீங்கள் சொல்கிற நேரத்துக்கு அனுப்புகிறேன். நான் வரவில்லை. மாத்திரையை அவள் விழுங்கினால் போதும்.

இதைவிட இறங்கி வர என்னால் முடியாது.

குல்சும்


ஆகுர்டி
12 செப்டம்பர் 2025

காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்த ஸலாமுக்கும் பதில் வராது என்று தெரியும்.

பதினெட்டு நாள் ஆகிறது. மாதவ் இரண்டு தடவை வந்து கேட்டிலிருந்து திரும்பினார். மாநகராட்சி ஆளையும் அனுப்பினேன். அவருக்கு உங்கள் மெஸ்ஸில் பிரியாணி கிடைத்தது, 63 கிடைக்கவில்லை. அவர் ஏப்பம் விட்டுக்கொண்டே என்னிடம், “உங்க அண்ணன் ரொம்ப நல்ல மனுஷர் மேடம்” என்றார்.

ஜூலையில் ஆறு மாதம் என்றால் இப்போது எட்டு. நான் விரலில் எண்ணிக்கொண்டிருக்கிறேன். அவள் வீட்டில் எண்ணுகிறவர்கள் யாராவது இருக்கிறார்களா?

நீங்கள் சொல்லாவிட்டாலும் வழி இல்லாமல் போகாது. கட்சிரோலியில் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பெயரைக் கொடுத்து எழுதியிருக்கிறேன். அந்தப் பெயரில் ஒருத்தி இருந்தால் வீட்டு வாசலில் போய் நிற்பார்கள்.

குல்சும்


ஹடப்ஸர்
17 செப்டம்பர் 2025

குல்சுமுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம்.

நீ என்ன போலீஸா? கட்சிரோலி வரைக்கும் ஆள் விட்டுத் தேடுகிற அளவுக்கு உனக்கு என்ன வந்தது? கூடப்பிறந்தவன் சோற்றில் மண் போட இவ்வளவு மெனக்கெடுகிறவளை நான் எங்கும் பார்த்ததில்லை. வாட்ச்மேனிடம் உன் போட்டோவையே கொடுத்துவிட்டேன். கேட் பக்கம் வந்தால் உள்ளே விடமாட்டான், மரியாதையும் கிடைக்காது.

என் வீட்டில் ஆயிரம் கவலை. ருக்ஷானாவுக்கு ரத்தம் குறைவு என்கிறார்கள். பேரீச்சம்பழம், முருங்கைக்கீரை, ஆட்டு ஈரல் என்று உன் மதினி ஊட்டிக்கொண்டே இருக்கிறாள், மகள் முகத்தில் ரத்தம் ஓடக் காணோம். ஸ்கேனில் பிள்ளை மாதத்துக்குத் தக்கபடி வளரவில்லையாம். நாம் எல்லாருமே சின்னதாகப் பிறந்தவர்கள்தானே. நீ பிறந்தபோது உன்னை ஒரு கையில் தூக்கிவிட்டேன் என்று உம்மா சொல்வார்கள். அந்த வம்சம்தான் இதுவும். இந்த நேரத்தில் உன் கடிதங்கள் வேறு.

ஒன்று சும்மா கேட்கிறேன். உன் 63 மாதிரி ஒருத்திக்கு எட்டாம் மாதத்தில் அந்த மாத்திரை கொடுத்தால் பிள்ளைக்கு ஆகாதா? லேபில் ஒன்றுமில்லை என்று வந்த பிறகு வீணாக மாத்திரை கொடுத்து, அதனால் ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு? உன்னை நம்பி யார் வாயில் என்ன போட முடியும்?

பதில் எழுத வேண்டும் என்று கட்டாயமில்லை.

கலீல்


கேம்ப் கேட், மகர்பட்டா பின்புறம்
22 செப்டம்பர் 2025, காலை பத்தரை

காக்கா,

இந்தக் காகிதத்தை வாட்ச்மேன் முதுகை மேஜையாக வைத்து எழுதுகிறேன். என் போட்டோவை என்னிடமே காட்டி, “நீங்கதானே?” என்று கேட்டான். ஆம் என்றேன். உள்ளே விடவில்லை. காகிதத்தை மட்டும் கொண்டுபோகச் சம்மதித்திருக்கிறான்.

புத்னி உசேண்டி கிடைத்துவிட்டாள். காலை எட்டு மணிக்கு அவள் ஊரிலிருந்து போன் வந்தது. வயது நாற்பத்தைந்து. பேரப்பிள்ளை எடுத்தவள். ஜூன் இருபத்தெட்டாம் தேதியே புனேயை விட்டுப் போய்விட்டாள். அவளோடு இன்னும் பத்துப் பேர். ஜூலை பதின்மூன்றில் அவர்கள் எல்லாரும் வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள்.

பதினொரு பாஸுக்கு ஆள் இல்லை. ஆனால் பதினொரு விரல் நீண்டிருக்கிறது. பில்டரிடம் கணக்குக் குறையக்கூடாது என்று மெஸ்ஸில் இருந்தவர்களை வரிசையில் நிறுத்தினீர்கள். நான் உள்ளே வந்தால் முகம் தெரிந்துவிடும், அதனால்தான் அந்த நிபந்தனை.

உங்கள் மெஸ்ஸில் இருபத்துமூன்று வயதில் ஜூலையில் ஆறு மாதமாக இருந்த பெண் எத்தனை பேர், காக்கா?

மாத்திரை என் பையில் இருக்கிறது. எட்டாம் மாதத்திலும் கொடுக்கலாம். ஆட்டோ நிறுத்தி வைத்திருக்கிறேன். அவளைக் கீழே அனுப்புங்கள். என்னை அடிக்க வேண்டுமென்றால் நாளைக்கு வந்து அடியுங்கள்.

குல்சும்


(அதே காகிதத்தின் பின்புறத்தில்)

மாமி,

அஸ்ஸலாமு அலைக்கும். எனக்கு தமிழ் சரியா எழுத வராது, மாஃப் பண்ணுங்க. வாப்பா ஸைட்டுக்கு போயிருக்காஹ. வாட்ச்மேன் உங்க லெட்டரை என் கையில குடுத்துட்டான். எழுத்துக் கூட்டிப் படிச்சேன்.

63 நான்தான். அன்னிக்கு வாப்பா, “மூணு சொட்டுதானே மகளே, குறையவா போகுது”ன்னு சொன்னாஹ. உம்மாவோட பழைய சேலையைக் கட்டி முக்காடு போட்டுட்டு நின்னேன். அந்த அண்ணா மராட்டியில கேட்டாரு, நானும் மராட்டியில சொன்னேன். ஜூன்ல ரெண்டு நாள் காய்ச்சல் இருந்துச்சு, அதுவா போயிடுச்சு. பொறவு வாப்பா லேபுக்கு கூட்டிட்டுப் போனாஹ, ஒண்ணும் இல்லைன்னாங்க. உங்களுக்கும் வாப்பாவுக்கும் சண்டை, அதுக்காகத்தான் நீங்க இப்படி எழுதுறீங்கன்னு வாப்பா சொன்னாஹ. நானும் அப்படித்தான் நெனச்சேன்.

மாமி, முந்தாநாள்ல இருந்து புள்ளை அசையல. உம்மாகிட்ட சொன்னேன், தூங்குது, விடுன்னாஹ. சீரகத் தண்ணி குடிச்சேன். சரியாகும்தானே?

செருப்பு போட்டுட்டு வர்றேன். போயிடாதீங்க.

ருக்ஷானா


ஹடப்ஸர்
14 அக்டோபர் 2025

தங்கச்சி குல்சுமுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்தத் தடவை நான் முதலில் சொல்கிறேன்.

நீ மாதவ் கையில் கொடுத்தனுப்பிய திருத்தப் படிவம் கிடைத்து பன்னிரண்டு நாள் ஆகிறது. தினமும் மெஸ் மேஜையில் விரித்து வைத்துவிட்டு, சாப்பாட்டு நேரம் வந்ததும் மடித்து எடுத்துவைத்துவிடுகிறேன்.

ஆஸ்பத்திரியில் மூன்று நாள் நீ ருக்ஷானா பக்கத்திலேயே இருந்தாய். என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்க்கவில்லை. திட்டுவாய் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன், கொஞ்சம் மூச்சு விட்டிருப்பேன். அடக்கம் செய்யக் கபர்ஸ்தானுக்கு யூசுஃப் மச்சான்தான் கூட வந்தார். என் கையில் இருந்ததை அவர் வாங்கித்தான் கீழே வைத்தார், எனக்குக் குனிய முடியவில்லை. ஆண் பிள்ளை. நகமெல்லாம் வளர்ந்திருந்தது.

நீதான் காரணம் என்று எழுதலாமா என்று இரண்டு காகிதம் கிழித்தேன். நீ வேறு யாராவதாக இருந்திருந்தால், முன்பின் தெரியாத ஒருத்தி அந்தக் கடிதத்தை எழுதியிருந்தால், முதல் நாளே மகளைக் கூட்டிக்கொண்டு ஓடி வந்திருப்பேன். எழுதியது நீ. உன் வாயிலிருந்து வந்தது உண்மையாக இருக்கக்கூடாது என்று எனக்கு ஒரு பிடிவாதம். ஏசி லேபில் ஒரு கோடு விழுந்தபோது மகள் பிழைத்தாள் என்று நான் சந்தோஷப்படவில்லை. குல்சும் தோற்றாள் என்றுதான் சந்தோஷப்பட்டேன். இதை அல்லாஹ்விடம் சொல்லியாகிவிட்டது. உன்னிடமும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

பதினொரு பாஸுக்கும் அன்று ரத்தம் கொடுத்தது யார் என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். 17 சமையல்காரன் ஜம்பு. 22 உன் மதினி. 88 நான். மற்றவர்களும் வரிசையாக இருக்கிறார்கள், ஊரிலிருந்து திரும்பும் பதினொரு பேருக்கும் நீங்கள் ரத்தம் எடுக்கலாம். பில்டருக்கும் ஒரு நகல் அனுப்பிவிட்டேன். அவன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியும். செய்யட்டும். தொட்டிகளுக்கு மூடி போட்டாகிவிட்டது. மாடி ஜன்னலுக்கு வலையும் அடித்துவிட்டேன். இப்போது.

63-க்கு எதிரே ருக்ஷானா என்று எழுதிவிட்டேன். வயதும் எழுதிவிட்டேன். அடுத்த கட்டத்தில் ‘கர்ப்பம்: ஆம் / இல்லை’ என்று இருக்கிறது. அங்கே பேனா நிற்கிறது. அன்று ஆம். இன்று என்ன எழுதுவது, குல்சும்? அந்த ஒரு கட்டத்தை நீ நிரப்பிக்கொள். என்னால் ஆகவில்லை.

ருக்ஷானா உன்னைக் கேட்கிறாள். என்னோடு பேசுவதில்லை.

காக்கா


ஆகுர்டி
17 அக்டோபர் 2025

காக்காவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். பதில் சொல்வது கடமை என்று எனக்கும் தெரியும்.

நாங்கள் சுகம் என்று எழுத வரவில்லை. ஜூலை பதின்மூன்றில் நான் உங்கள் கேட்டுக்கு வெளியே வேனில்தான் உட்கார்ந்திருந்தேன். மாதவ் வந்து, “உள்ளே ஒரு நிமிஷம் வாங்க மேடம், கூட்டம் அதிகம்” என்று கூப்பிட்டார். அந்த ஆள் நிபந்தனையை மாற்றிக்கொண்டு நேரில் வந்து கூப்பிட்டால் வருகிறேன் என்றேன். நாற்பதடி தூரத்தில் என் மருமகள் விரலை நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள். முக்காடு போட்டிருந்தாலும் எனக்குத் தெரியாதா அவளை? நீங்கள் உங்கள் பிடிவாதத்தை எழுதினீர்கள். இது என்னுடையது. இதை வைத்து நாம் சமாதானமாகிவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். லக்ஷ்மண் மடாவியையும் நான் மறக்கவில்லை.

படிவத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அந்தக் கட்டத்தை நான் நிரப்ப மாட்டேன். ரத்தம் எடுத்த நாளில் எது உண்மையோ அதைத்தான் கார்டில் எழுத வேண்டும், பிறகு நடந்தவற்றுக்கு அதில் இடம் கிடையாது. அன்று அவன் உயிரோடு இருந்தான். ‘ஆம்’ என்று எழுதுங்கள். உங்கள் கையால் எழுதிக் கையெழுத்தும் போடுங்கள்.

திங்கட்கிழமை ருக்ஷானாவுக்கு மாத்திரை தொடங்கி இருபத்தெட்டாம் நாள், மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும். தீபாவளி என்று லேப் மூடியிருக்கும். ஆனாலும் நான் வருவேன், விரலில் நானே குத்துவேன். வாட்ச்மேனிடமிருந்து என் போட்டோவை வாங்கி வையுங்கள்.

குல்சும்